ஃபார்மேட் ஆகிவிட்ட டிஸ்க்: முதலில் செய்யக் கூடாதவை, பிறகு செய்ய வேண்டியவை

மௌஸிலிருந்து கையை எடுங்கள். தவறுதலாக ஃபார்மேட் ஆனது வெளியே செருகிய ஹார்டு டிஸ்க் என்றால் கேபிளைக் கழற்றித் தனியே வையுங்கள். கணினிக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் என்றால் கணினியை அணைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஃபார்மேட் ஆன ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைல்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். கிடைக்காமல் போகும்போது விசாரித்துப் பார்த்தால், அவற்றை அழித்தது பல நேரங்களில் ஃபார்மேட்டாக இருக்காது. அடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தில் செய்த வேலைகளாக இருக்கும்.

அந்த வேலைகள் எல்லா அலுவலகத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. மீட்பு மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கி, ஃபைல் தொலைந்த அதே டிஸ்க்கில் நிறுவுகிறார்கள். பழைய பேக்கப்பில் இருப்பதையாவது போட்டு வைப்போம் என்று, காலியாகத் தெரியும் அதே டிஸ்க்கில் காப்பி செய்கிறார்கள். இது எல்லாவற்றிலும் மோசமானது. நல்ல எண்ணத்தோடு செய்வதால் யாரும் தடுப்பதும் இல்லை. விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கிறார்கள். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் மறுபடியும் சரி என்கிறார்கள். போனது சி டிரைவ் என்றால் விண்டோஸை மறுபடி நிறுவுகிறார்கள். அது மட்டுமே 20 ஜிபிக்கு மேல் புதிதாக எழுதும். அதன் மேல் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ லாகின் செய்து சிங்க் ஆகவிட்டால், இணையத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஃபைலும் தொலைந்துபோன ஏதோ ஒன்றின் தலையில் உட்காரும். உலாவியைத் திறந்து ‘ஃபைல் மீட்பது எப்படி’ என்று தேடுவதுகூட சி டிரைவில் எழுதுகிற வேலைதான். போனில் தேடுங்கள்.

எழுதாமல் இருப்பதை இவ்வளவு வலியுறுத்துவது ஏன்? டிஸ்க்கில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, ஃபைல்களின் உள்ளடக்கம். இன்னொன்று, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, பெயர் என்ன, எந்த ஃபோல்டருக்குள் என்று குறித்துவைக்கும் கணக்கு. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் இந்தக் கணக்குக்கு எம்எஃப்டி என்று பெயர். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் பொதுவாக 1 கேபி அளவில் ஒரு பதிவு இருக்கும். குவிக் ஃபார்மேட் செய்தால் புதிய, காலியான கணக்கு ஒன்று தொடங்கப்படுகிறது, அவ்வளவே. உள்ளடக்கத்தை அது தொடுவதில்லை. பழைய கணக்கிலும் தொடக்கத்தில் உள்ள கொஞ்சம் பதிவுகள்தான் மூடப்படும். மீதி பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கிராமக் கணக்குப் புத்தகம் எரிந்துபோனால் வயல் எங்கும் போய்விடாது. ஆனால் எது யாருடையது என்று தெரியாததால், அடுத்து வருகிறவர் ஏர் பூட்டிவிடுவார். உழுத பிறகு பழைய பயிரைக் கேட்க முடியாது.

ஆகவே உங்கள் முதல் கேள்வி, நடந்தது குவிக் ஃபார்மேட்டா, முழு ஃபார்மேட்டா என்பது. விண்டோஸில் குவிக் ஃபார்மேட் என்ற கட்டத்தில் டிக் போட்டபடியேதான் திரை வரும். அதை நீங்களாக எடுத்திருக்காவிட்டால் குவிக்தான். நினைவில்லை என்றால் நேரமே சாட்சி. 1 டிபி டிஸ்க் சில நொடிகளில் முடிந்திருந்தால் குவிக். மணிக்கணக்கில் ஓடியிருந்தால் முழு ஃபார்மேட். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் முழு ஃபார்மேட்டும் டிஸ்க்கில் பழுதான இடம் உண்டா என்று படித்துப் பார்ப்பதோடு நின்றது. விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. எழுதி முடித்த இடத்திலிருந்து எந்த மென்பொருளாலும், எந்த ஆய்வகத்தாலும் எதையும் எடுக்க முடியாது. முடியும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகி வாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்றால், பூஜ்யம் எட்டாத பின்பகுதி உங்களுக்கு மிச்சம்.

ஐ.டி. பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’ கொடுத்திருந்தால் போனது பார்ட்டிஷன் விவரம்தான். அதைத் திரும்ப அமைப்பது பல நேரங்களில் சில நிமிட வேலை. ‘கிளீன் ஆல்’ கொடுத்திருந்தால் முழு டிஸ்க்கும் பூஜ்யம். ஒரு சொல்தான் கூடுதல், ஆனால் போனது திரும்பாது.

எஸ்எஸ்டி வேறு கதை

இதுவரை சொன்னது சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க்குக்குப் பொருந்தும். இன்றைய லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்டி. அங்கே நிலைமை கடினம். எஸ்எஸ்டி, பழைய தகவலை அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதியதை எழுத முடியும்; அதனால் எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்பதை இயங்குதளம் அதற்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தச் செய்திக்கு டிரிம் என்று பெயர். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இது வழக்கத்தில் இருக்கிறது. ஃபார்மேட் செய்யும்போது அந்த டிரைவ் முழுவதற்கும் டிரிம் போகிறது. அதன் பிறகு அந்த இடங்களைப் படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்யத்தைத்தான் காட்டும், அது குவிக் ஃபார்மேட்டாகவே இருந்தாலும். லினக்ஸில் எக்ஸ்ட்4 ஃபார்மேட் செய்யும் கட்டளையும் டிரிம்மை இயல்பாகவே அனுப்புகிறது.

அதற்காக முயற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. யுஎஸ்பி வழியாகச் செருகும் எஸ்எஸ்டிகளில், நடுவில் இருக்கும் சிப் டிரிம் செய்தியைக் கடத்தாமல் விட்டுவிடும் மாடல்கள் உண்டு. அங்கே ஃபைல்கள் அப்படியே இருக்கலாம். பென் டிரைவ்கள், மெமரி கார்டுகளில் நம்பிக்கை இன்னும் அதிகம். உள்ளே பொருத்திய எஸ்எஸ்டி என்றால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மின்சாரம் இருக்கும்வரை அது தன் போக்கில் உள்ளே பெருக்கித் துடைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட, அந்த ஃபைல்களின் வேறு பிரதிகளைத் தேடுவதில் நேரத்தைச் செலவழிப்பது மேல்.

விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட டிரைவ் ஃபார்மேட் ஆகியிருந்தால், திறப்பதற்கான சாவி விவரமும் சேர்ந்து போயிருக்கலாம். 48 இலக்க ரெகவரி கீ கையில் இருந்தால் மட்டுமே அடுத்த படியைப் பற்றிப் பேச முடியும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ அலுவலக ஐ.டி. பிரிவிடமோ இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்த இன்றைய கைப்பேசிகளில் சாவியே அழிக்கப்படுவதால், கைப்பேசிக்குள் தேடிப் பயனில்லை.

முதல் போன் யாருக்கு?

அலுவலக டிஸ்க் என்றால் மீட்பு மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஐ.டி. பிரிவு இருந்தால் அவர்களிடம். இல்லையென்றால் நேராக மேனேஜரிடம். ‘ராத்திரிக்குள் எடுத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்ற எண்ணம்தான் ஃபைல்களையும் வேலையையும் சேர்த்தே பறிக்கிறது. ஒளிந்து வேலை செய்பவருக்கு இரண்டாவது டிஸ்க் கிடைக்காது, சர்வரில் இருக்கும் பேக்கப் கிடைக்காது, அந்த ஃபைல்களை மின்னஞ்சலில் பெற்ற சக ஊழியரின் உதவி கிடைக்காது. மீட்புக்குத் தேவையான எல்லாமே மற்றவர்களிடம்தான் இருக்கிறது.

சொல்லும்போது மன்னிப்பைவிடத் தகவல் முக்கியம். இப்படிச் சொல்லலாம்: “சார், காலை பதினொன்றரை மணிக்கு இ டிரைவுக்குப் பதில் டி டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டேன். குவிக் ஃபார்மேட். அதற்குப் பிறகு அதில் எதுவும் எழுதவில்லை, கணினியை அணைத்து வைத்திருக்கிறேன். அதில் ஏப்ரலிலிருந்து உள்ள கணக்கும் மூன்று கிளையன்ட்களின் ஆடிட் ஃபைல்களும் இருந்தன. கடைசி பேக்கப் போன வெள்ளிக்கிழமை.” எப்போது, எப்படி, அதற்குப் பின் என்ன செய்தீர்கள், என்ன இருந்தது, கடைசிப் பிரதி எது. இந்த விவரங்கள் இருந்தால் அடுத்தவர் உடனே வேலையைத் தொடங்க முடியும். ‘அதற்குப் பின் என்ன செய்தீர்கள்’ என்பதில் எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் ஏதோ மென்பொருளை நிறுவியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மீட்பவர் எங்கே தேட வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும்.

மேலதிகாரியாக இருப்பவர்கள் அலாஸ்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே எண்ணெய் வருமானத்திலிருந்து மாநில மக்களுக்கு ஆண்டுதோறும் ஈவுத்தொகை வழங்குகிறார்கள். 2006 ஜூலையில், அந்த விண்ணப்பங்கள் இருந்த டிஸ்க்கை ஒரு கணினிப் பணியாளர் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டார். அதோடு பேக்கப் இருந்த டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்துவிட்டார். மூன்றாவது அரணாக இருந்த டேப்களை எடுத்தால், அவற்றைப் படிக்க முடியவில்லை. ஒன்பது மாத உழைப்பு, சுமார் 8 லட்சம் ஸ்கேன் படங்கள் போயின. வெளியிலிருந்து வந்த வல்லுநர்களாலும் எடுக்க முடியவில்லை. காப்பாற்றியது காகிதம். சுமார் 300 அட்டைப் பெட்டிகளில் மூல விண்ணப்பங்கள் இருந்தன. ஏறக்குறைய 70 பேர் இரவுகளிலும் வார இறுதிகளிலும் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி ஸ்கேன் செய்து, ஆகஸ்ட் இறுதிக்குள் முடித்தார்கள். செலவு 2 லட்சம் டாலருக்கு மேல். பலிகடா தேடும் வேலை நடக்கவில்லை என்று அப்போதைய துறை ஆணையர் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். அந்த அணுகுமுறையை நான் மதிக்கிறேன். தவறைச் சொன்னவருக்கு முதல் நாளே மெமோ கிடைக்கும் அலுவலகத்தில், அடுத்த தவறு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வரும். அதற்குள் டிஸ்க்கில் புதிய ஃபைல்கள் ஏறியிருக்கும்.

இந்தியாவில் இதற்குச் சட்டக் கோணமும் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ‘தரவு மீறல்’ என்று எதைச் சொல்கிறது என்று பார்த்தால், தகவல் வெளியே கசிவது மட்டுமல்ல, தற்செயலாக அழிவதும் அணுக முடியாமல் போவதும் அதில் அடங்கும். டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகலோ, ஊழியர்களின் சம்பள விவரமோ இருந்திருந்தால், மீட்பது உங்கள் சொந்தப் பிரச்சினை அல்ல. அந்த டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நீங்களாகப் போகவும் கூடாது.

முதலில் டிஸ்க்கின் நகல்

சரி, நீங்களே மீட்கிறீர்கள், அல்லது அலுவலகம் உங்களிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. முதல் வேலை டிஸ்க்கில் தேடுவது அல்ல, அதை அப்படியே நகலெடுப்பது. ஃபைல்களைக் காப்பி செய்வதல்ல இது. டிஸ்க்கின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்வரை, காலியாகத் தெரியும் இடமும் சேர்த்து, ஒரே பெரிய ஃபைலாக எடுப்பது. தொழிலில் இருப்பவர்கள் இதை இமேஜ் என்பார்கள். நகலை வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், எத்தனை தவறும் செய்யலாம். மூல டிஸ்க் பத்திரமாக மேசை இழுப்பறையில் இருக்கும்.

லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். விண்டோஸில் டிஎம்டிஇ போன்ற மென்பொருளில் இமேஜ் எடுக்கும் வசதி இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும், எது மூலம், எது இலக்கு என்பதை மூன்று முறை சரிபாருங்கள். இரண்டும் மாறிவிட்டால் காலி டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் எழுதப்படும். இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றால் ஸ்டிக்கர் ஒட்டி, வரிசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுப்பதற்கு முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டக், டக் என்று சீராகத் தட்டும் ஓசையோ உரசும் ஓசையோ வந்தால் உடனே நிறுத்துங்கள். அது ஃபார்மேட் பிரச்சினை அல்ல, டிஸ்க்கே உடைந்துகொண்டிருக்கிறது. ஓசை இல்லையென்றாலும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்து, அது ஏறிக்கொண்டும் இருந்தால், நீங்கள் தொடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது.

1 டிபி ஹார்டு டிஸ்க்கை நொடிக்கு 120 எம்பி வேகத்தில் நகலெடுத்தால் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஆகும். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் எட்டு மணி நேரத்துக்கு மேல். எனவே துளையைப் பார்த்துச் செருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த ஃபைல்கள் வேறு எங்கெல்லாம் போயிருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். ‘சென்ட்’ மின்னஞ்சல்கள்தான் முதல் சுரங்கம். இறுதி வடிவங்கள் பெரும்பாலும் யாருக்காவது அனுப்பப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்கள், கிளையன்ட்டின் கணினியில் உள்ள பிரதி, அச்சகத்துக்குக் கொண்டுபோன பென் டிரைவ், விடுப்பில் இருக்கும் சக ஊழியரின் லேப்டாப். ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் தனிநபர் கணக்குக்கு 30 நாளும் அலுவலகக் கணக்குக்கு 93 நாளும், கூகுள் டிரைவில் 30 நாளும் ஃபைல்கள் இருக்கும். வேறு கணினியில் உலாவி வழியாகத் திறந்து பாருங்கள். கணக்கு வேலை என்றால், தாக்கல் செய்த ஜிஎஸ்டி விவரங்களைப் போர்ட்டலிலிருந்து இறக்கலாம். வங்கி ஸ்டேட்மென்ட்டுகள் வங்கியில் இருக்கின்றன. இவை அப்படியே பழைய லெட்ஜர் ஆகிவிடாது. ஆனால் விட்டுப்போனது எது என்று கண்டுபிடிக்க இவைதான் அளவுகோல்.

அதோடு, எந்த ஃபைல்கள் கட்டாயம் வேண்டும், எவை இல்லாவிட்டாலும் நடக்கும் என்று பிரித்து எழுதுங்கள். 4 லட்சம் ஃபைல்கள் திரும்பி வந்து குவியும்போது, வேண்டிய நாற்பது எவை என்று தெரியாதவர் அதிலேயே ஒரு வாரத்தைத் தொலைப்பார்.

மென்பொருள் தேடும் இரண்டு வழிகள்

எல்லா மீட்பு மென்பொருளும், என்ன விலை சொன்னாலும், இரண்டே வழிகளில்தான் தேடுகின்றன. முதல் வழி, பழைய கணக்கின் மிச்சத்தைத் தேடிப் பிடிப்பது. இது கிடைத்தால் பெயர், தேதி, ஃபோல்டர் அமைப்பு எல்லாம் வரும். இரண்டாவது வழி, கணக்கை மறந்துவிட்டு, உள்ளடக்கத்தின் தொடக்க அடையாளத்தைப் பார்த்துப் பிடிப்பது. பிடிஎஃப், ஜேபெக் படம், வேர்டு ஃபைல் என்று ஒவ்வொரு வகையும் தனக்கென்று உள்ள சில பைட்டுகளில் தொடங்கும். இந்த வழியில் பெயரும் இருக்காது, ஃபோல்டரும் இருக்காது. ஃபைல் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாக இருந்திருந்தால் பாதியில் உடைந்தே வரும்.

முதல் வழியை முழுவதும் முயன்ற பிறகே இரண்டாவதற்குப் போங்கள். டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ இரண்டும் முதல் வழியில் வலுவானவை, நகலையும் திறந்து படிப்பவை. டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பில் ஒரு முறைக்கு இத்தனை ஃபைல் என்று வரம்பு உண்டு. சிறிய அலுவலகத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெகவரி இலவசம். ஆனால் கட்டளை தட்டச்சு செய்து ஓட்ட வேண்டும், ஃபார்மேட் ஆன டிரைவுக்கு ‘எக்ஸ்டென்சிவ்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்ட்டிஷனே காணாமல் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க். அதே கையிலிருந்து வந்த ஃபோட்டோரெக், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், படங்களை மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான ஃபைல் வகைகளை இரண்டாவது வழியில் பிடித்துத் தரும். இரண்டுமே இலவசம், மூல நிரல் திறந்தவை.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. என்டிஎஃப்எஸ்ஸாக இருந்த டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் ஃபார்மேட் செய்துவிட்டால், மென்பொருள் இப்போதிருக்கும் எக்ஸ்ஃபேட்டைப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லும். இல்லாமல் போகவில்லை, கேட்ட கேள்வி தவறு. முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுத்து, பழைய முறை எதுவோ அதைத் தேடச் சொல்லுங்கள். முன்பு என்ன முறையில் இருந்தது என்று தெரியாவிட்டால் எல்லா முறைகளையும் டிக் செய்து ஓடவிடுங்கள். நேரம் கூடும், பரவாயில்லை.

தொழிலுக்குத் தொழில் எது மீளும் என்பது மாறும். திருமணப் புகைப்படக்காரருக்கு இரண்டாவது வழியே போதும். கேமரா, படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக எழுதுவதால் கார்டில் அவை பெரும்பாலும் துண்டாகாமல் கிடக்கும். பெயர் போனாலும் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திவிடலாம். வீடியோவுக்கு இந்தச் சலுகை இல்லை. பெரிய ஃபைல்கள் துண்டாக வாய்ப்பு அதிகம். கேமராவில் ‘லோ லெவல் ஃபார்மேட்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதை ஒருபோதும் வழக்கமாக்காதீர்கள். சாதாரண ஃபார்மேட்டில் மீள்வது அதில் மீளாது.

கணக்கருக்கு நேர் எதிர். டேலியின் ஒரு கம்பெனி என்பது, எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் பல ஃபைல்களின் கூட்டு. அத்தனையும் அதனதன் பெயரோடு சேர்ந்து வந்தால்தான் கம்பெனி திறக்கும். இரண்டாவது வழியில் பெயரில்லாமல் கிடைக்கும் துண்டுகளால் ஒரு பயனும் இல்லை. ஆகவே கணக்கு அலுவலக டிஸ்க்கில் முதல் வழி தோற்றால், நிபுணரிடம் கொடுங்கள், அல்லது கடைசி பேக்கப்பிலிருந்து வவுச்சர்களை மறுபடி பதியத் தொடங்குங்கள். ஃபோட்டோரெக்கை ஓடவிட்டு இரண்டு நாள் காத்திருப்பது வீண்.

எடுத்த ஃபைல்களை எப்போதும் மூன்றாவது டிஸ்க் ஒன்றில் சேமியுங்கள். பணம் கட்டும் மென்பொருள் என்றால், கட்டுவதற்கு முன்பு ப்ரிவியூவில் ஃபைலைத் திறந்து பாருங்கள். ‘98,000 ஃபைல்கள் கிடைத்தன’ என்ற வரிக்கு மதிப்பில்லை. நீங்கள் எழுதி வைத்த நாற்பதில் எத்தனை திறக்கின்றன என்பதுதான் கணக்கு. பெயரும் அளவும் சரியாக இருந்து, உள்ளே வெறும் பூஜ்யமாக இருக்கும் ஃபைல்கள் உண்டு, முக்கியமாக எஸ்எஸ்டியில். கிராக் செய்த மீட்பு மென்பொருளை இறக்காதீர்கள். மொத்த டிஸ்க்கையும் படிக்கும் அனுமதியை முகம் தெரியாத ஒருவர் மாற்றி எழுதிய நிரலுக்குக் கொடுப்பது, இருக்கிற நெருக்கடியில் இன்னொன்றை விலைக்கு வாங்குவது.

கடையில் கொடுக்கும்போது

டிஸ்க் தட்டுகிறது, கணினி அதை அடையாளமே காணவில்லை, அல்லது போனதன் மதிப்பு உங்கள் பரிசோதனைக்கு மேற்பட்டது. இந்த மூன்றில் எது இருந்தாலும் மீட்பு நிலையத்துக்குப் போங்கள். சென்னை ரிச்சி தெருவிலும், எந்தப் பெரிய ஊரிலும் இதற்கான கடைகள் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் வேலை செய்வீர்களா? டிஸ்க்கைத் திறக்க வேண்டியிருந்தால் அதற்கான தூசியற்ற அறை உங்களிடமே இருக்கிறதா, வெளியே அனுப்புவீர்களா? ஃபைல் பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கட்டலாமா? வேலை முடிந்ததும் உங்களிடம் உள்ள நகலை அழித்துவிட்டதாக எழுத்தில் தருவீர்களா? நகல் எடுப்பதைப் பற்றிய கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிஸ்க்கின் வரிசை எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நல்ல ஆய்வகத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஒரு சான்று. 2003-ல் கொலம்பியா விண்கலம் சிதறி விழுந்தபோது, அதில் இருந்த ஓர் அறிவியல் சோதனையின் ஹார்டு டிஸ்க், கருகி உருக்குலைந்த நிலையில் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தகவலை ஒரு மீட்பு நிறுவனம் எடுத்துக் கொடுத்தது. சோதனையின் முடிவுகள் 2008-ல் வெளியாயின. டிஸ்க் பாதியளவே நிரம்பியிருந்ததும், தகவல் சிதறாமல் ஒரே பக்கமாக எழுதப்பட்டிருந்ததும், தட்டில் சேதமான இடங்கள் காலி இடங்களாக அமைந்ததும் உதவின. எரிந்த டிஸ்க் பிழைத்தது, அதன் மேல் யாரும் புதிதாக எழுதவில்லை என்பதாலும்தான்.

மறுபடி நடக்காமல் இருக்க

மீட்பு முடிந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு பக்கத்துக்கு மிகாமல் நடந்ததை எழுதி மேனேஜருக்கு அனுப்புங்கள். என்ன நடந்தது, எது மீண்டது, எது மீளவில்லை, மீளாதவற்றை எப்படி ஈடுகட்டுகிறீர்கள், என்ன மாற்றம் செய்ய வேண்டும். ‘இனிக் கவனமாக இருப்பேன்’ என்பதை அதில் எழுத வேண்டாம். அது மாற்றம் ஆகாது. மாற்றம் என்றால் இப்படி: எல்லா டிரைவுக்கும் ‘நியூ வால்யூம்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘கணக்கு’, ‘பேக்கப் 1’ என்று பெயர் வைத்தாயிற்று. ஒன்றை ஃபார்மேட் செய்யும்போது மற்ற வெளி டிஸ்க்குகளைக் கழற்றிவிட வேண்டும் என்பது இனி நடைமுறை. டிரைவ் எழுத்தை நம்பி ஃபார்மேட் செய்யக் கூடாது. செருகும் வரிசையைப் பொறுத்து அது மாறும். பெயரையும் அளவையும் பார்த்து, திறந்து உள்ளே இருப்பதையும் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

பேக்கப்புக்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 முறையைவிட எளியது எனக்குத் தெரியாது. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த மூன்றில் ஒன்றாவது எந்தக் கணினியோடும் இணைக்காமல் கழற்றி வைத்ததாக இருக்கட்டும். எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க்கை, அலாஸ்காவில் நடந்ததுபோல, அதே கை அதே நாளில் ஃபார்மேட் செய்துவிடலாம்.

அங்கே டேப்கள் படிக்க முடியாமல் போனது தேவைப்பட்ட நாளன்றுதான் தெரிந்தது. அதனால் மாதம் ஒரு முறை, சம்பளம் போட்ட மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். வேர்டு, எக்ஸெல் என்றால் கடைசியாகத் திருத்தியது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டேலி என்றால் கம்பெனியை லோடு செய்து, போன மாத டிரயல் பேலன்ஸ் உங்கள் கையில் இருக்கும் அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று டிக் அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஃபைலில் வையுங்கள்.